அடைப்புக்குறிக்குள் ஒரு பெயர்

மார்ச் 3, இரவு

பழைய டிஸ்க் நிரம்பி வழிகிறது. புதிதாக ஒன்றைப் பொருத்தி, பைத்தான் ப்ராஜெக்ட்கள் அத்தனையையும் அதற்குக் காப்பி செய்தேன். ஒவ்வொரு ப்ராஜெக்டுக்கும் தனிப் பைத்தானும் அதற்கு வேண்டிய லைப்ரரிகளும் இருக்கும் வென்வ் ஃபோல்டர்களும் சேர்ந்தே போயின. புது இடத்தில் ஆக்டிவேட் செய்தேன், அதாவது இந்த வென்வையே பயன்படுத்து என்று டெர்மினலுக்குச் சொன்னேன். டெர்மினலில் அடைப்புக்குறிக்குள் வென்வின் பெயர் வந்தது, ப்ரோகிராமும் ஓடியது. சரி, முடிந்தது என்று படுக்கப் போகிறேன்.

மார்ச் 5

பழைய டிஸ்கில் இருந்ததை இன்று அழித்தேன். அழித்த கையோடு புதியது படுத்துவிட்டது. பாண்டாஸ் என்று ஒரு மாட்யூலே இல்லையாம். நேற்று மாலை வரை ஓடிய ப்ரோகிராம்!

சரி, மறுபடி போட்டுவிடலாம் என்று, லைப்ரரிகளை நிறுவும் பிப்பைக் கூப்பிட்டு பிப் இன்ஸ்டால் கொடுத்தால் வேறொரு எரர். இந்தப் பைத்தான் ஆபரேட்டிங் சிஸ்டத்தின் பொறுப்பில் இருக்கிறது, நீ கை வைக்காதே என்கிறது. பிப் வழியாக எதையாவது இறக்கி, சிஸ்டம் நம்பியிருக்கும் பைத்தானையே உடைத்துவிடக் கூடாது என்பதற்காக வந்த ஏற்பாடு அது. பைத்தான் மேம்பாட்டு முன்மொழிவுகளில் ஒன்று, பெப் 668 என்று பெயர். டெபியன் லினக்ஸில், 2023இல் வந்த 12ஆம் வெர்ஷனில் இருந்தே இருக்கிறது. மீறியே தீருவேன் என்பவர்களுக்கு எரரின் அடியிலேயே வழியும் சொல்லியிருக்கிறார்கள்: 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்'. இவ்வளவு வெளிப்படையாகப் பெயர் வைத்த ஆப்ஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால், அதை டைப் அடித்து என்டர் தட்டுவது வரை போய்விட்டேன்.

தட்டவில்லை. டெர்மினலில் அடைப்புக்குறிக்குள் பெயர் இருக்கிறதே, நான் வென்வுக்குள்தானே இருக்கிறேன்? பிறகு சிஸ்டம் பைத்தானின் எரர் எனக்கு எதற்கு வருகிறது?

மார்ச் 6

எந்தப் பைத்தான் ஓடுகிறது என்பதை முதலில் கேட்டிருக்க வேண்டும்: 'விச் பைத்தான்3'. பதில், /யூஎஸ்ஆர்/பின்/பைத்தான்3. அதாவது சிஸ்டத்துடையது. ப்ரோகிராம்களை எந்தெந்த ஃபோல்டரில் தேட வேண்டும் என்ற வரிசையை வைத்திருக்கும் பாத் மாறியில் என்ன இருக்கிறதென்று பார்த்தால், வரிசையில் முதலாவதாக நிற்பது நான் நேற்று அழித்த ஃபோல்டர்.

ஆக்டிவேட் கோப்பைத் திறந்து படித்தேன். இத்தனை வருடத்தில் இதுதான் முதல் முறை. சின்ன கோப்புதான், மாயம் ஒன்றும் இல்லை. வென்வ் எங்கே இருக்கிறது என்று ஒரு மாறியில் குறித்துக்கொள்கிறது, வென்வுக்குள் இருக்கும் 'பின்' (bin) ஃபோல்டரைப் பாத்தின் தொடக்கத்தில் சேர்க்கிறது, அப்புறம் ப்ராம்ப்டை, அதாவது டெர்மினல் வரியின் தொடக்கத்தில் வரும் எழுத்தை, மாற்றுகிறது. அவ்வளவுதான். அந்த 'எங்கே' என்பது வென்வை உருவாக்கிய அன்று எழுதப்பட்ட முழுப் பாதை. நான் காப்பி செய்த விஷயம் அதற்கு எப்படித் தெரியும்? ப்ராம்ப்டில் வரும் பெயரோ வெறும் எழுத்து. பின்னால் ஃபோல்டர் இருக்கிறதா என்று அது பார்ப்பதே இல்லை.

ஆக, இரண்டு நாளாகப் புது வீட்டில் உட்கார்ந்துகொண்டு பழைய வீட்டு அடுப்பில் சமைத்திருக்கிறேன். பழைய வீட்டை இடித்ததும், வரிசையில் அடுத்து இருந்த சிஸ்டம் பைத்தான் கதவைத் திறந்திருக்கிறது.

புது இடத்து வென்வின் 'பின்' ஃபோல்டரில் இருக்கும் பிப்பை முழுப் பாதை கொடுத்து நேராக ஓட்டிப் பார்த்தேன். 'பேட் இன்டர்ப்ரெட்டர்' என்றது. பிப் என்பதும் ஒரு குட்டி ஸ்கிரிப்ட்தான். அதன் முதல் வரியில், எந்தப் பைத்தான் தன்னை ஓட்ட வேண்டும் என்று முழுப் பாதை எழுதியிருக்கிறது. அங்கேயும் அழித்த ஃபோல்டர்.

ஆனால் அதே ஃபோல்டரில் இருக்கும் பைத்தானை நேராகக் கூப்பிட்டால் ஓடுகிறது! பாண்டாஸும் கிடைக்கிறது. அது சிஸ்டம் பைத்தானுக்கான லிங்க்தான். ஆனாலும் ஓடத் தொடங்கும்போது, தான் கூப்பிடப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் பைவென்வ்.சிஎஃப்ஜி என்ற கோப்பு இருக்கிறதா என்று தேடும். இருந்தால் தன் வீடு அதுதான் என்று எடுத்துக்கொள்ளும். ஆக்டிவேட் செய்தாலும் செய்யாவிட்டாலும் அதற்கு ஒன்றுதான்.

மார்ச் 7

பைத்தான் ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள்: வென்வ் என்பது நகர்த்தவோ காப்பி செய்யவோ ஆனது அல்ல, புது இடத்தில் புதிதாக உருவாக்கிக்கொள்ள வேண்டியது. அந்தப் பாதைகளை ஒவ்வொன்றாகத் திருத்தலாம்தான். எனக்குப் பொறுமை இல்லை.

தேவையான லைப்ரரிகளின் பட்டியலான ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பு எழுதி வைக்கும் பழக்கமும் எனக்கு இல்லை. நல்லவேளை, நேராகக் கூப்பிட்டால் ஓடும் அந்தப் பைத்தான் கைகொடுத்தது. 'பைத்தான் -எம் பிப் ஃப்ரீஸ்' கொடுத்து, நிறுவியிருந்த லைப்ரரிகளின் பட்டியலை ஒரு கோப்பில் பிடித்துக்கொண்டேன். வென்வை அழித்து, அதே இடத்தில் புதிதாக உருவாக்கி, பட்டியலைக் கொடுத்தேன். பாதி வழியில் நின்றது. நானே எழுதிய ஒரு லைப்ரரியை எடிட்டபிள் முறையில், அதாவது அதன் மூல ஃபோல்டரையே சுட்டும்படி, நிறுவியிருந்தேன். அதற்குப் பட்டியலில் வெர்ஷன் எண் இல்லை, 'மைனஸ் ஈ' போட்டு ஃபோல்டரின் பாதைதான் இருந்தது. எந்தப் பாதை என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒரு வரியைத் திருத்தியதும் மீதி எல்லாம் ஏறிவிட்டது.

மார்ச் 8

ஜூபிட்டர் நோட்புக்கில் கோடை ஓட்டும் கெர்னல் எழுந்திருக்கவில்லை. இதற்குள் பழகிவிட்டதால் பதற்றம் இல்லை, எங்கே எழுதி வைத்திருக்கிறது என்று மட்டும் தேடினேன். ஹோம் ஃபோல்டருக்குள், ப்ராஜெக்டுக்குச் சம்பந்தமே இல்லாத மூலையில், கெர்னல்.ஜேசன் என்று ஒரு கோப்பு. அதில் பைத்தானின் முழுப் பாதை. புது வென்வில் இருந்து, ஜூபிட்டரின் பைத்தான் கெர்னலான ஐபைகெர்னலை அதே பெயரில் மறுபடி பதிந்தேன், எழுந்துகொண்டது.

காப்பி செய்ததில் இன்னும் நான்கு ப்ராஜெக்ட் பாக்கி. ஒன்றிலும் ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பு இல்லை. வென்வை அழிப்பதற்கு முன்னால், நான்கிலும் ஃப்ரீஸ் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.