பெடலிலிருந்து பேரிங் வரை: கிளட்ச் குழாய் மாற்றிய நாட்களின் குறிப்பு

2 மார்ச் 2024, சனி

குளிர்காலம் முழுவதும் கொட்டகையில் நின்ற இ46 வகை பிஎம்டபிள்யூ எம்3 காரை இன்று வெளியே எடுத்து, ஊருக்கு வெளியே ஆட்டோபான் விரைவுச்சாலை வரை ஓட்டிப் பார்த்தேன். நிமிடத்துக்கு 7900 சுற்றில் 343 குதிரைத்திறன் தரும் 3246 சிசி எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. குறை கிளட்சில்தான். வண்டி சூடேறும் வரை பெடல் ஒழுங்காக இருக்கிறது. நன்றாகச் சூடேறிய பிறகு கிளட்ச் பிடிக்கும் இடம் தரையை நோக்கி இறங்கிவிடுகிறது. 7000 சுற்றுக்கு மேல் இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு விரைந்து மாற்றும்போது லிவர் ஒரு கணம் தடுத்து நின்ற பிறகே உள்ளே போகிறது.

கிளட்ச் தட்டு தேய்ந்திருந்தால் உயர்ந்த கியரில் முழு பாரம் கொடுக்கும்போது வேகம் ஏறாமல் சுற்று மட்டும் ஏறியிருக்க வேண்டும்; அப்படி ஏறவில்லை. ஆகவே தட்டு நன்றாகப் பிடிக்கிறது. விடும்போதுதான் முழுமையாக விடுவதில்லை. காலின் அசைவு வழியில் எங்கோ வீணாகிறது என்பதே இதன் பொருள்.

வீடு திரும்பியதும் பெடலுக்கு மேலே, மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டரின் அடியிலும், கியர்பாக்ஸின் பக்கவாட்டில், அந்த அழுத்தத்தால் கிளட்சை விடுவிக்கும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறைக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்தேன். இரண்டும் உலர்ந்தே இருந்தன. கசிவு இல்லாமல் பெடல் தளர்ந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியவை, வயதான ரப்பர் குழாய், கிளட்சிலும் ஓடும் பிரேக் ஆயிலில் ஏறிய நீர், உள்ளே சிக்கிய காற்று ஆகிய மூன்றும். இருபது ஆண்டுப் பழைய வண்டியில் மூன்றும் ஒன்றாகவே இருக்கலாம் என்பதால் மூன்றையும் சேர்த்தே சரிசெய்வது என்று முடிவு செய்தேன்.

3 மார்ச், ஞாயிறு

இங்கே ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை சத்தம் எழுப்பும் வேலை எதையும் செய்ய முடியாது. எனவே காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்து, இழப்பு எவ்வளவு இருக்கக்கூடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

19 மில்லிமீட்டர் துளையுள்ள ஒரு மாஸ்டர் சிலிண்டரை எடுத்துக்கொள்வோம். அதன் பரப்பு ஏறக்குறைய 2.8 சதுர சென்டிமீட்டர். உள்ளே ஒரே ஒரு மில்லிலிட்டர் காற்று இருந்து, அழுத்தம் 20 பாருக்கு (ஒரு பார் ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) ஏறினால், அந்தக் காற்று இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்; அதாவது, அநேகமாக அந்த ஒரு மில்லிலிட்டர் முழுவதும் நமக்கு நட்டம். அதை ஈடுகட்ட பிஸ்டன் சுமார் மூன்றரை மில்லிமீட்டர் கூடுதலாக நகர வேண்டும். பெடலின் நெம்பு விகிதம் ஐந்துக்கு ஒன்று என்று வைத்தால், காலடியில் அது பதினேழு மில்லிமீட்டருக்கு மேல். ஒரு சிறிய கரண்டியில் கால் பங்கைக்கூட நிரப்பாத காற்று, பெடலின் ஓட்டத்தில் இவ்வளவைத் தின்றுவிடுகிறது. ரப்பர் குழாய் அழுத்தத்தில் உப்பும்போதும் இதே கணக்குத்தான். ஆனால் சீரான நிலையில் உள்ள குழாய் அந்த அளவுக்கு உப்பாது. இதை மனத்தில் நிறுத்திக்கொண்டால், எஃகு வலைக் குழாயை மாட்டிய மறுகணமே பெடல் புதிதாகிவிடும் என்ற பரவலான நம்பிக்கையை அப்படியே ஏற்க முடியாது. குழாய் பாதி வேலை. உள்ளே சிக்கிய காற்றை எடுப்பதுதான் மீதியும் முக்கியமும்.

6 மார்ச், புதன்

குழாய் வந்து சேர்ந்தது. உள்ளே டெஃப்லான், வெளியே துருப்பிடிக்காத எஃகு வலை, அதன் மேல் நெகிழி உறை. இங்கே இதை ஸ்டால்ஃப்ளெக்ஸ் என்பார்கள். மேலுறை இல்லாத குழாயை நான் வாங்குவதில்லை. வெறும் எஃகு வலை, அதிர்வில் தான் உரசும் எதையும் அரம் போல அராவிவிடும். ஒயராக இருந்தாலும் அலுமினிய உறையாக இருந்தாலும் விடாது.

பிரேக் ஆயிலைத் தேர்ந்தெடுப்பதற்கு அதிக நேரம் எடுத்துக்கொண்டேன். இந்தக் காரில் கிளட்சுக்குத் தனித் தொட்டி கிடையாது. பிரேக்குக்கான தொட்டியின் பக்கவாட்டிலிருந்தே ஒரு சிறு குழாய் கிளட்ச் மாஸ்டர் சிலிண்டருக்குப் போகிறது. ஆகவே இங்கே ஊற்றுவது பிரேக்குக்கும் போகும். பிரேக் ஆயில்களுக்கான டாட் 4 தரத்தின்படி புதிய ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி; 3.7 சதவீதம் நீர் ஏறிய பிறகு 155 டிகிரி. டாட் 5.1 எனில் 260, 180. சிலிக்கானால் ஆன டாட் 5 இவற்றோடு சேரவே கூடாது. எண்கள் அடுத்தடுத்து இருப்பதால் பலர் குழம்புகிறார்கள். நான் வாங்கியது டாட் 4 தான், ஆனால் பாகுத்தன்மை குறைந்த வகை. மைனஸ் 40 டிகிரியில் சாதாரண டாட் 4 ஆயிலுக்கு நொடிக்கு 1800 சதுர மில்லிமீட்டர் வரை அனுமதிக்கப்படும் பாகுத்தன்மை, ஐஎஸ்ஓ 4925 தரத்தின் ஆறாம் வகுப்பில் 750க்குள் அடங்க வேண்டும். மெல்லிய குழாயில் விரைந்து திரும்ப வேண்டிய ஆயிலுக்கு அது நல்லது.

9 மார்ச், சனி

லிஃப்டோடு வாடகைக்குக் கிடைக்கும் பட்டறை ஒன்றில் காலை முழுவதும் வேலை.

பழைய இணைப்பைக் கழற்றும் முன், பெடலைச் சிறிது அழுத்தி ஒரு கட்டையால் அப்படியே நிறுத்தினேன். மாஸ்டர் பிஸ்டன் அந்த அளவு நகர்ந்தால் தொட்டியிலிருந்து வரும் துளை மூடிக்கொள்ளும். கீழே குழாயைத் திறந்தாலும் ஆயில் முழுவதும் வடிந்து போகாது. தொட்டியில் மட்டம் அந்தப் பக்கக் குழாய்க்குக் கீழே இறங்கிவிட்டால் மாஸ்டர் சிலிண்டருக்குள் காற்று போய்விடும். அங்கிருந்து அதை எடுப்பது கடினம்.

இணைப்பு நட்டைச் சாதாரண ஸ்பேனரால் தொடக் கூடாது. அறுகோணத்தின் ஐந்து பக்கங்களைப் பற்றும் குழாய் ஸ்பேனர் இல்லாமல், இத்தனை ஆண்டுகள் உப்பு நீர் பட்ட நட்டைத் திருப்பினால் முனைகள் மழுங்கிவிடும். முந்தைய இரவே துருநீக்கி அடித்து வைத்திருந்ததால் முனகாமல் கழன்றது. வெளியே வந்த ஆயில் கறுப்புத் தேநீர் நிறத்தில் இருந்தது. ஆயில் சீல்களின் ரப்பர் தேய்ந்து கலந்த நிறம் அது.

ஸ்லேவ் சிலிண்டருக்குச் சற்று முன்னால், குழாயின் வழியில், கிளட்ச் தாமத வால்வு இருக்கிறது. உள்ளே ஒரு சிறு துளை, அவ்வளவே. பெடலை அழுத்தும்போது ஆயில் தாராளமாகப் போகும். விடும்போது அந்தத் துளை வழியாக மெதுவாகத்தான் திரும்பும். பெடலிலிருந்து காலை வெடுக்கென்று எடுத்தாலும் கிளட்ச் மெல்லப் பிடிக்க வேண்டும், கியர்பாக்ஸுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் அதிர்ச்சி போகக் கூடாது என்பதே நோக்கம். நகரத்தில் புதிதாக ஓட்டுபவருக்கு இது உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் உயர் சுற்றில் கியர் மாற்றும்போது, கால் பெடலை விட்ட பிறகும் தட்டு பாதி வழுக்கிக்கொண்டே இருக்கிறது. அந்த வழுக்கல் சூடாகவும் தேய்மானமாகவும் மாறுகிறது. காலின் சொல்லுக்கும் கிளட்சின் செயலுக்கும் நடுவே ஓட்டுநர் கேட்காத ஒரு தாமதம் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வால்வை நீக்கிவிட்டேன்.

புதிய குழாயை முறுக்கு ஏறாமல் பொருத்தி, எக்ஸாஸ்ட் பக்கம் போகாமல் பழைய கிளிப்புகளிலேயே நிறுத்தினேன். டெஃப்லான் குழாயை ஒருமுறை கூர்மையாக மடித்துவிட்டால் அந்த மடிப்பு நிரந்தரம். ஆகவே வளைவுகள் எல்லாம் அகலமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

16 மார்ச், சனி

இன்று காற்றெடுப்பு. உதவிக்கு மைத்துனர் வந்திருந்தார். பெடலருகே உட்கார்ந்து, நான் சொல்லும் வரை பெடலைத் தொடாமல் இருப்பதே அவருக்கு முதல் பணி என்று சொன்னேன்.

காரணம் இது: ஸ்லேவ் சிலிண்டரைக் கியர்பாக்ஸில் மாட்டியபடியே வைத்துக் காற்றெடுத்தால், பிஸ்டன் வெளியே நீண்ட நிலையில் இருக்கும், உள்ளறையின் ஒரு மூலையில் காற்று தங்கிவிடும், எத்தனை முறை பெடலை மிதித்தாலும் அது, காற்றை வெளியேற்றத் திறக்கும் பிளீடர் நிப்பிள் பக்கம் வராது. ஆகவே இரண்டு நட்டுகளையும் கழற்றி, சிலிண்டரை வெளியே எடுத்து, பிளீடர் நிப்பிள் உச்சியில் இருக்கும்படி சாய்த்துப் பிடித்து, தண்டை மெதுவாக முழுவதும் உள்ளே தள்ளி, அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு காற்றெடுக்க வேண்டும். சிலிண்டர் வெளியே இருக்கும்போது யாராவது பெடலை மிதித்தால் பிஸ்டன் துள்ளி வெளியே விழுந்துவிடும்.

தொட்டியின் மூடிக்குப் பதிலாக அழுத்தக் கருவியின் மூடியைத் திருகி, ஒன்றரை பார் அழுத்தம் கொடுத்தேன். இரண்டு பாருக்கு மேல் போகக் கூடாது. நெகிழித் தொட்டி தாங்காது. நிப்பிளில் தெளிந்த நெகிழிக் குழாயை மாட்டி, அதன் மறுமுனை புட்டியிலுள்ள ஆயிலுக்குள் மூழ்கியிருக்கும்படி வைத்தேன். திறந்ததும் முதலில் கறுப்பாக வந்தது. பிறகு நுரையோடு பெரிய குமிழிகள் வரிசையாக வந்தன. தண்டைச் சிறிது வெளியே வரவிட்டு, மீண்டும் அழுத்தி, சிலிண்டரைச் சுத்தியல் பிடியால் மெல்லத் தட்டியபோது, சுவரில் ஒட்டியிருந்த சிறு குமிழிகளும் புறப்பட்டன. உறிஞ்சும் பம்பு வைத்துச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நிப்பிளின் மரை வழியாகவே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுவதால், முடிவில்லாமல் குமிழி வருவது போலத் தோன்றும். உள்ளே காற்று இல்லாதபோதும் அது நிற்காது. மேலிருந்து அழுத்தும் முறையில் இந்த மயக்கம் இல்லை.

ஆயில் நீர் போலத் தெளிந்து, குமிழியின்றி ஓடிய பிறகு நிப்பிளை மூடி, அழுத்தத்தை இறக்கினேன். தண்டின் நுனியில் சிறிது கிரீஸ் தடவி, கிளட்சை விடுவிக்கும் நெம்பின் குழிக்குள் அது சரியாக அமர்ந்ததை விரலால் தடவி உறுதிசெய்த பிறகே நட்டுகளை இறுக்கினேன்.

பிறகு மைத்துனரை மிதிக்கச் சொன்னேன். முதல் மிதியில் பெடல் கீழேயே ஒட்டிக்கொண்டது. "அத்தான், இது மேலே வரவில்லையே!" என்றார் பதற்றத்தோடு. இந்தப் பெடலில் ஓர் உதவி ஸ்பிரிங் உண்டு; நடுப்புள்ளியைத் தாண்டியதும் அது பெடலைக் கீழே அழுத்தும்; ஸ்லேவ் பிஸ்டன் தன் இடத்துக்கு வரும் வரை எதிர் அழுத்தம் இராது. கையால் மெதுவாகத் தூக்கி மீண்டும் மிதிக்கச் சொன்னேன். சில மிதிகளுக்குள் காலுக்கு எதிர்ப்பு தெளிவாகக் கிடைத்தது. இதற்குப் பிறகும் ஒட்டிக்கொண்டே இருந்தால்தான் உள்ளே காற்று மிஞ்சியிருக்கிறது என்று கொள்ள வேண்டும்.

சிந்திய ஆயிலை உடனே தண்ணீரால் கழுவினோம். பெயின்டை அது உரித்துவிடும். பழைய ஆயிலை எஞ்சின் ஆயிலோடு கலக்காமல் தனிப் புட்டியில் அடைத்து, அபாயக் கழிவு சேகரிப்பு நிலையத்துக்காக எடுத்துவைத்தேன்.

17 மார்ச், ஞாயிறு

எஞ்சினை ஓடவிட்டு, கிளட்சை முழுவதும் மிதித்து, சற்றுப் பொறுத்து ரிவர்ஸ் போட்டேன், உறுமல் இல்லை. கிளட்ச் முழுமையாக விடுகிறது என்பதற்கு இதைவிட எளிய சோதனை கிடையாது. பிறகு வெறிச்சோடிய காலைச் சாலையில் நீண்ட ஓட்டம். பிடிக்கும் இடம் மேலே ஏறியிருக்கிறது, ஏறிய இடத்திலேயே நிற்கிறது. முதல் கியரில் புறப்படும்போது பெடலை முன்பைவிட நிதானமாக விட வேண்டியிருக்கிறது. தாமத வால்வு செய்த வேலையை இப்போது என் கணுக்கால் செய்கிறது. 7500 சுற்றில் மூன்றாவது கியர் தடையின்றி விழுந்தபோது வாய்விட்டே "ஆகா" என்றேன்.

30 மார்ச், சனி

இன்று காரைத் தூக்கி எல்லா இணைப்புகளையும் வெள்ளைத் தாளால் துடைத்துப் பார்த்தேன். ஒன்றில்கூட ஈரம் இல்லை. குழாயின் உறை எங்கும் உரசவில்லை. தொட்டியின் மட்டமும் குறையவில்லை. பிரேக் நான்கிலும் ஆயிலை மாற்றி முடித்தேன். அடுத்த மாற்றம் 2026 மார்ச்சில் என்று பானெட்டுக்கு அடியில் சீட்டு ஒட்டியிருக்கிறேன். 20.8 கிலோமீட்டர் நீளமுள்ள நூர்பர்கிரிங் நார்ட்ஷ்லைஃபே பந்தயத் தடத்தில் ஓட்டும் பருவத்தில் அந்த இரண்டு ஆண்டையும் காத்திராமல், கோடைக்கு முன்பே ஒருமுறை மாற்றுவதாக இருக்கிறேன்.