வேலையோடு ஆளும் வருகிறது

ஒரு பெரிய நிறுவனத்தின் இடமாற்றப் பிரிவில் பல வருடங்கள் வேலை பார்த்தேன். தலைமை அலுவலகத்தையோ ஒரு முழுத் துறையையோ ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எங்கள் பொறுப்பு. கட்டடம் பார்ப்பது, குத்தகை பேசுவது, ஊழியர்களிடம் விருப்பம் கேட்பது, போகிற ஊரின் நிர்வாகத்தோடு வரிச்சலுகை பேசி முடிப்பது எல்லாம் அதில் அடக்கம். ஊர்மக்கள் கருத்துச் சொல்லும் கூட்டங்களில் நிறுவனத்தின் சார்பில் உட்கார்ந்து பதில் சொல்வதும் என் வேலையாக இருந்தது. அங்கே நான் கற்றுக்கொண்டதை எழுதி வைக்கத் தோன்றுகிறது.

நாங்கள் தேர்ந்தெடுத்தவை பெரும்பாலும் ஏற்கெனவே வளர ஆரம்பித்திருந்த இடங்கள். நிலம் கிடைக்கும், சாலை போட்டிருப்பார்கள், புதிய குடியிருப்புகள் எழும்பிக்கொண்டிருக்கும். அங்கே கூட்டம் கூட்டினால் பேச்சு உடனே இரண்டாகப் பிரிந்துவிடும். பிள்ளைகளுக்கு வேலை வேண்டும் என்று ஒரு பக்கம். தண்ணீரும் சாலையும் இப்போதே போதவில்லை என்று இன்னொரு பக்கம். நடுவில் மேடையில் பெரிய எழுத்தில் ஒரு எண் இருக்கும்: இத்தனை ஆயிரம் வேலைகள். ஆதரிக்கிறவர்களும் எதிர்க்கிறவர்களும் அந்த எண்ணை அப்படியே நம்பித்தான் சண்டை போடுவார்கள்.

ஒரு கூட்டத்தில், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் எழுந்தார். "தம்பி, நீங்க சொல்ற இந்த வேலையில எத்தனை பேர் இன்னைக்கே உங்க கம்பெனியில சம்பளம் வாங்கிட்டு இருக்காங்க?" என்று கேட்டார். அதுவரை எந்த ஊரிலும் யாரும் கேட்காத கேள்வி அது. நிறுவனம் புதிதாகத் தொடங்கினால் வேலைகள் காலியாக இருக்கும். இடம் மாறி வரும் நிறுவனம் என்றால் வேலையோடு ஆளும் வருகிறது.

டொயோட்டா 2014 ஏப்ரலில் தன் வட அமெரிக்கத் தலைமையகத்தை கலிபோர்னியாவின் டோரன்ஸிலிருந்து டெக்சாஸின் பிளேனோவுக்கு மாற்றப்போவதாக அறிவித்தது. 2017இல் புதிய வளாகம் திறந்தது. பேசப்பட்டது சுமார் 4,000 வேலைகள். டெக்சாஸ் அரசு மட்டும் 40 மில்லியன் டாலர் மானியம் அறிவித்தது. ஆனால் அதில் பெரும்பகுதி டோரன்ஸிலும் கென்டக்கியிலும் ஏற்கெனவே ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்த வேலை. பிளேனோவுக்கு அதனால் லாபம் இல்லை என்று நான் சொல்லவில்லை. வந்தவர்கள் வீடு வாங்குகிறார்கள், வரி கட்டுகிறார்கள். ஆனால் "வேலை வருகிறது" என்று கேட்கும்போது ஒரு தாய் மனதில் நினைப்பது இதை அல்ல.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பட்டியல் இருக்கும். ஒவ்வோர் ஊழியரின் பெயருக்கு எதிரே வருகிறேன், வரவில்லை, யோசிக்கிறேன் என்று மூன்றில் ஒரு பதில். வரவில்லை என்று சொல்கிறவர்கள் யாரென்று பார்த்தால் மனம் கனக்கும். கணவனோ மனைவியோ அதே ஊரில் இன்னொரு இடத்தில் வேலை பார்ப்பவர்கள், பள்ளி இறுதி வகுப்பில் பிள்ளை இருப்பவர்கள், படுக்கையில் இருக்கும் பெற்றோரைக் கவனிப்பவர்கள். போகிற ஊரில் காலியிடம் உண்டாவது இவர்கள் விட்டுக்கொடுக்கும் நாற்காலிகளால்தான். புதிய ஊரின் கூட்டத்தில் இதை யாரும் பேசுவதில்லை. விட்டுப்போகும் ஊருக்கோ பெரும்பாலும் கூட்டமே கிடையாது.

அந்தக் காலியிடங்களுக்கும் அனுபவம் கேட்பார்கள். பத்து வருடம் அந்தத் துறையில் இருந்தவர் விட்டுப்போன இடத்தில் நேற்று படிப்பு முடித்தவரை உட்காரவைக்க எந்த மேலாளரும் சம்மதிக்க மாட்டார். உள்ளூர்க்காரர்களுக்கு முதலில் கிடைப்பது செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கேன்டீன், வண்டி ஓட்டுவது. அதுவும் ஒப்பந்தக்காரர் மூலமாக. அவர் தன்னிடம் ஏற்கெனவே இருக்கும் ஆட்களைத்தான் முதலில் கொண்டுவருவார். இந்த வேலைகளைக் குறைவாகப் பேசவில்லை, அவற்றால் பிழைக்கும் குடும்பங்களை அருகில் இருந்து பார்த்திருக்கிறேன். ஆனால் மேடையில் இருந்த எண்ணைக் கேட்டு வந்தவர்கள் நிரந்தர வேலையை எதிர்பார்த்து வந்தார்கள்.

அந்த ஆசிரியையின் கேள்விக்குப் பிறகு ஊர் நிர்வாகம் எண்ணைப் பிரித்துத் தரச் சொன்னது. மாற்றலாகி வருபவர்கள் ஒரு பத்தி, அந்த ஊரிலேயே புதிதாக எடுப்பவர்கள் ஒரு பத்தி, ஒப்பந்தத்தில் வருபவர்கள் ஒரு பத்தி. எங்கள் மேலதிகாரிகள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. நான் போன கூட்டங்களிலேயே உருப்படியாக நடந்த காரியம் அதுதான் என்பது என் எண்ணம்.

வீட்டு வாடகை அடுத்த பிரச்சினை. செலவு அதிகமான நகரத்திலிருந்து வருகிறவருக்கு வீட்டுக்காரர் கேட்கும் வாடகை மலிவாகத் தெரியும், நிறுவனமும் ஆரம்ப மாதங்களுக்கு உதவித்தொகை தரும். எல்லோரும் ஒரே பருவத்தில் வந்து இறங்கினால், ஏற்கெனவே குடியிருப்பவர்தான் அதன் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும். அணி அணியாக ஆட்களை அனுப்பினால் பாதிப்பு குறையும். போக்குவரத்துக்கும் அதேதான், ஷிப்ட் நேரங்களைத் தள்ளித் தள்ளி வைக்கலாம். இரண்டும் நிறுவனத்தின் கையில் இருப்பவை. கேட்டால் பெரும்பாலும் செய்வார்கள்.

சலுகை விஷயம் அப்படிச் சுலபமில்லை. அமேசான் 2017இல் இரண்டாவது தலைமையகத்துக்கு இடம் தேடியபோது 238 விண்ணப்பங்கள் வந்தன. 2018 நவம்பரில் நியூயார்க்கின் லாங் ஐலண்ட் சிட்டியையும் வர்ஜீனியாவின் ஆர்லிங்டனையும் தேர்ந்தெடுத்தார்கள். நியூயார்க்கில் ஏறக்குறைய 3 பில்லியன் டாலர் சலுகை என்று தெரிந்ததும் எதிர்ப்பு கிளம்பியது. 2019 பிப்ரவரியில் அமேசான் பின்வாங்கியது. ஆர்லிங்டனில் உண்டாகும் ஒவ்வொரு வேலைக்கும் 22,000 டாலர் என்று மாநில அரசு பேசியிருந்தது, அதுவும் வேலை உண்டான பிறகு. 2023இல் முதல் கட்டம் திறந்த அதே ஆண்டு இரண்டாம் கட்டத்தை நிறுத்தி வைத்தார்கள். உண்டாகாத வேலைக்கு மானியம் கொடுக்க வேண்டிய நிலை அங்கே இல்லை.

இதை மட்டும் பார்த்து நிம்மதி அடைந்துவிட முடியாது. விஸ்கான்சினில் ஃபாக்ஸ்கான் 2017இல் 13,000 வேலை என்று சொன்னது. 2021இல் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது அது 1,454 ஆனது. அங்கேயும் மாநிலத்தின் வரிச்சலுகை வேலைக் கணக்கோடு கட்டப்பட்டிருந்தது. ஆனால் மவுண்ட் பிளசன்ட் என்ற அந்தச் சிறிய ஊர் அதற்குள் கடன் வாங்கி நிலம் வாங்கியிருந்தது, சாலைக்கும் தண்ணீருக்கும் செலவழித்திருந்தது. வீட்டை விட்டு வெளியேறிய குடும்பங்களும் இருந்தன. மாநிலம் தப்பிக்கலாம், குழாய் பதித்த ஊர் தப்பிக்க முடியாது. ஒப்பந்தத்தைப் படிக்கும்போது சலுகைப் பகுதியை எல்லோரும் பார்க்கிறார்கள். முதலில் யார் பணம் போடுகிறார்கள் என்ற பகுதியை ஊர்க்காரர்கள் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுவது இதனால்தான்.

கேள்வி கேட்கிறவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று எங்கள் பக்கத்தில் சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வாடகை, தண்ணீர், வேலைக் கணக்கு என்று எங்கள் திட்டத்தில் சீரானவை எல்லாம் அந்தக் கேள்விகளுக்குப் பிறகு சீரானவை.

அந்த ஆசிரியையின் ஊரோடு போட்ட ஒப்பந்தப்படி வருடம் ஒருமுறை நாங்கள் அறிக்கை கொடுக்க வேண்டும். முதல் அறிக்கையில் மூன்று பத்திகளையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டலாம் என்று நிதிப் பிரிவு சொன்னது. நானும் மனிதவளப் பிரிவில் இருந்த ஒரு தோழியும் விடாமல் வாதாடி, தனித்தனியாகவே கொடுக்க வைத்தோம். உள்ளூரில் புதிதாக எடுத்தவர்களின் பத்தி மிகச் சிறியதாக இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் ஊர் நிர்வாகம் எங்களைக் கூப்பிட்டு, அங்கிருந்த கல்லூரியின் இறுதியாண்டு மாணவர்களுக்குச் சம்பளத்தோடு பயிற்சி கொடுக்கச் சொல்லி எழுத்தில் வாங்கியது. அடுத்த வருடம் அந்தப் பயிற்சியிலிருந்து வந்தவர்களில் சிலரை எங்கள் பிரிவிலேயே நிரந்தரமாக எடுத்தோம்.