கட்டுக்குள் என்று எழுதிய மாலை

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் கைபேசியில் குறுஞ்செய்தி விழும் ஒலியே எனக்குப் பிடிக்காமல் போய்விடும். வங்கியிலிருந்து வந்ததா, டேராடூனிலிருந்து வந்ததா என்று பார்ப்பதற்குள் நெஞ்சு ஒருமுறை அடித்துக்கொள்ளும். டேராடூனில் இருப்பது இந்திய வன ஆய்வு நிறுவனம். மலையில் ஓரிடம் சுற்றுப்புறத்தைவிட மிகச் சூடாக இருப்பதைச் செயற்கைக்கோள் கண்டால், மாவட்டம், சரகம், பீட் (ஒரு வனக்காப்பாளரின் காவல் பகுதி), அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாவற்றையும் சேர்த்து அங்கிருந்து செய்தியாக அனுப்பிவிடுவார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு வனக் கோட்டத்தின் கட்டுப்பாட்டு அறையில் வரைபடம் போடுவது என் வேலை. ஒப்பந்தப் பணிதான். மற்ற மாதங்களில் என் மேசையைத் தாண்டித்தான் எல்லோரும் தேநீர் குடிக்கப் போவார்கள்; தீக்காலத்தில் மட்டும் அங்கே நின்று எட்டிப் பார்ப்பார்கள்.

சேர்ந்த புதிதில், திரையில் விழும் சிவப்புப் புள்ளியைத் தீ என்றே நினைத்திருந்தேன். அது ஒரு சதுரத்தின் நடுப்புள்ளி மட்டுமே. செயற்கைக்கோளில் இருக்கும் பழைய மோடிஸ் கருவிக்கு அந்தச் சதுரம் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர், அதாவது 100 ஹெக்டேர். வியர்ஸ் கருவி வந்த பிறகு ஒரு பக்கம் 375 மீட்டராகச் சுருங்கியது. அப்போதும் அது ஏறக்குறைய 35 ஏக்கர். அந்த 35 ஏக்கரின் ஏதோ ஒரு மூலையில் புல் எரிந்துகொண்டிருக்கும்; புள்ளியோ நடுவில் கம்பீரமாக உட்கார்ந்திருக்கும். சமவெளியில் இதனால் பெரிய தொல்லை இல்லை. புகையைப் பார்த்துக்கொண்டே நடந்து போய்விடலாம். மலையில் 150 மீட்டர் தள்ளிப்போனால் நடுவே ஒரு முகடு நிற்கும். முகட்டின் இந்தப் பக்கம் ஒரு சாலை, அந்தப் பக்கம் வேறொரு சாலை, ஜீப்பில் சுற்றிப் போக இரண்டு மணி நேரம். முதல் ஆண்டிலேயே அப்படி ஒரு குழுவை முகட்டின் தவறான பக்கத்துக்கு அனுப்பிவைத்தேன். அவர்கள் உச்சியில் நின்று, தீ எதிர்ச்சரிவில் எரிவதை வேடிக்கை பார்த்தார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. ஒருவர் மட்டும் வாக்கி டாக்கியில், "இங்கிருந்து பார்க்க நன்றாகத் தெரிகிறது சார்" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நேரமும் நமக்கு அனுகூலமாக இல்லை. வியர்ஸ் கருவியைச் சுமக்கும் செயற்கைக்கோள்கள் எங்கள் தலைக்கு மேல் பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில் ஒருமுறை, பின்னிரவு ஒன்றரை வாக்கில் ஒருமுறை போகும். படம் எடுத்து, சலித்து, செய்தி எங்கள் கைக்கு வருவதற்குள் சில மணி நேரம் ஓடிவிடும். அதற்குள் சரிவில் தீ எங்கே போயிருக்கும் என்பதுதான் கேள்வி. சரிவு ஒவ்வொரு 10 பாகை கூடும்போதும் மேல்நோக்கி ஏறும் தீயின் வேகம் இரட்டிக்கும் என்பது தீயோடு வேலை செய்பவர்களின் கைக்கணக்கு. சமதளத்தில் ஒரு மடங்கு என்றால் 20 பாகையில் நான்கு மடங்கு, 30 பாகையில் எட்டு மடங்கு. சுடர் சரிவின் மேல் சாய்ந்து, தனக்கு முன்னால் இருக்கும் புல்லை முன்கூட்டியே காயவைத்துவிடுகிறது. பிறகு வந்து எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறப் போனவர்கள் 20 பேருக்கும் மேல் இறந்தது காய்ந்த புல் மண்டிய இப்படிப்பட்ட சரிவில்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு எங்கள் பக்கத்து மலைகளில் புல்சரிவைப் பற்றி யாரும் அலட்சியமாகப் பேசி நான் கேட்டதில்லை.

நான் சொல்ல வந்த தீ அவ்வளவு பெரியது அல்ல. செய்தித்தாளில் உள்பக்கத்தில் நான்கு வரி வந்தது, அவ்வளவுதான். பைன் தோட்டம் ஒன்றின் கீழ்விளிம்பில், சாலையோரப் புல்லில் பிடித்தது. பீடித் துண்டோ, சமைத்துச் சாப்பிட்டுவிட்டு அணைக்காமல் போன அடுப்போ, தெரியாது. எப்படியும் மனிதக் கைதான். இடி மின்னல் இல்லாத மார்ச்சில் காடு தானாகவா பற்றிக்கொள்ளும்?

செவ்வாய்க்கிழமை பிற்பகல் மூன்று புள்ளிகள் விழுந்தன. இரவில் ஏழு புள்ளிகள். வனவர் ஒருவர் தலைமையில் வனக்காப்பாளர்கள், வேட்டைத் தடுப்புக் காவலர்கள், தீக்காலத்துக்கு மட்டும் எடுத்த கூலியாட்கள் என்று 22 பேர் ஏறியிருந்தார்கள். அவர்களில் மூத்தவர் பளியர் இனத்தைச் சேர்ந்த ஒரு காவலர். அவருக்கு வயது என்ன என்று அவருக்கே திட்டமாகத் தெரியாது. நாங்கள் எல்லோரும் பெரியவர் என்போம்.

பகலில் வெயில் ஏற ஏறக் காற்று பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறும். தீயும் அதன் பின்னாலேயே ஏறும். பொழுது சாய்ந்தால் குளிர்ந்த காற்று கீழே இறங்கத் தொடங்கும், ஈரம் கூடும், தீ படுத்துக்கொள்ளும். ஆகவே மலையில் தீயணைப்பு என்பது பெரும்பாலும் இரவு வேலை. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பச்சைத் தழைக் கொத்தால் அடிப்பார்கள். இரண்டு இலை ஊதும் கருவிகள் இருந்தன. அவை முன்னால் போய்ச் சருகை விலக்க, பின்னால் வருகிறவர்கள் மண் தெரியும்வரை செதுக்கிக்கொண்டே போவார்கள். அப்படி உருவாகும் வெறும் தரைதான் தடுப்புக்கோடு. மேற்பக்கம், பழைய தீத்தடுப்புக் கோட்டிலிருந்து எதிர்த்தீ வைத்தார்கள். தீக்கு முன்னால் நாமே எரித்து அதற்கு உண்ண எதுவும் இல்லாமல் செய்வது. சொல்வதற்கு எளிது. காற்று ஒருமுறை திரும்பினால் வைத்தவர் கதி என்ன என்பது அங்கே நிற்பவருக்குத்தான் தெரியும்.

என் பங்கு, அவர்கள் நடந்த தடத்தை ஜிபிஎஸ் கருவியிலிருந்து வாங்கி வரைபடத்தில் ஏற்றுவது. இதில் ஒரு கணக்குப் பொய் உண்டு. வரைபடம் மலையை மேலிருந்து தட்டையாக அழுத்திக் காட்டும். 30 பாகைச் சரிவில் வரைபடத்தின் 100 மீட்டர், ஏறும் காலுக்கு 115 மீட்டர். 45 பாகையில் 141. நான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "இன்னும் 400 மீட்டர்தான் அண்ணே" என்பேன். மறுமுனையில் பதில் வராது. மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வரும்.

புதன் மாலை நிலவரம் இது. தீயின் சுற்றளவு வரைபடத்தில் 4.2 கிலோமீட்டர். அதில் 3.6 கிலோமீட்டருக்கு நடந்த தடம் இருந்தது. மீதி 600 மீட்டர் ஒரு பாறை முகம், செங்குத்து. எந்தப் புள்ளியும் விழவில்லை, புகை இல்லை. பெரியவர் வாக்கி டாக்கியில் சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: "பாறைக்குக் கீழே இன்னும் யாரும் போகவில்லை தம்பி." கேட்டேன். பாறை எரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டு முனைகளையும் ஒரு நேர்க்கோட்டால் இணைத்தேன். கணினியில் அதற்கு இரண்டு சொடுக்கு போதும். வளையம் மூடியது. ஆறு மணி அறிக்கையில் நிலவரம் என்ற கட்டத்தில் "முழுமையாகக் கட்டுக்குள்" என்று எழுதினேன்.

அந்தச் சொல்லை எழுத மேலிருந்து யாரும் வற்புறுத்தவில்லை. ஆனால் எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். காலையிலிருந்து வந்த ஒவ்வொரு அழைப்பிலும் ஒரே கேள்வி: எத்தனை சதவீதம்? அமெரிக்காவில் ஒரு தீ 60 சதவீதம் கட்டுக்குள் என்றால், அதன் சுற்றளவில் 60 சதவீதத்துக்குத் தாண்ட முடியாத கோடு இருக்கிறது என்று பொருள். உள்ளே மரங்கள் எரிந்துகொண்டே இருக்கலாம். நம்மிடம் அது பரீட்சை மதிப்பெண் போல ஆகிவிட்டது. 60 என்றால் சுமார், 100 என்றால் நாளைக்கு வேறு வேலை பார்க்கலாம்.

வியாழன் பிற்பகல் இரண்டு மணிக்குப் பாறைக்குக் கீழிருந்து புகை எழுந்தது. வெள்ளைப் புகை அல்ல, பழுப்பு. பாறை எரியவில்லை, உண்மைதான். அதன் மேல்விளிம்பில் நின்ற பைன் மரங்களின் காய்கள் பற்றி, உருண்டு, பாறை இடுக்குகளில் தங்கி, அங்கே காய்ந்திருந்த சுக்குநாறிப்புல்லைத் தொட்டுக் கீழே போயிருந்தன. இரவெல்லாம் கனன்றது, மதியக் காற்றில் எழுந்தது. முந்தைய இரண்டு இரவும் தூங்காத 22 பேரும் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தார்கள். திரும்பவும் ஏறினார்கள்.

என் அறிக்கை தலைமையிடம் போய், அங்கிருந்து பத்திரிகைக்கும் போயிருந்தது. கட்டுக்குள் என்று வந்த செய்தியும், மீண்டும் எரிகிறது என்ற செய்தியும் ஒரே நாளில் வெளியாகின. "ஹெலிகாப்டரை ஏன் கூப்பிடவில்லை?" என்று கேட்டுச் சில அழைப்புகள். 2024 மார்ச்சில் குன்னூர்த் தீயின்போது விமானப் படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் பெரிய வாளி கட்டி 16,000 லிட்டருக்கும் மேல் தண்ணீர் ஊற்றியதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். தண்ணீர் சுடரை அடக்கும். ஆனால் வேருக்குள் போன தீயை மேலிருந்து யாரும் தேடிப் பிடிக்க முடியாது. ஊற்றிய பிறகும் ஆட்கள் தரையில் நடந்தாக வேண்டும்.

சனிக்கிழமை நான் போனேன். அனுப்பினார்கள் என்று சொல்லமாட்டேன், நானே கேட்டேன். அறையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

கரிந்த சரிவில் நடப்பது தூசியில் நடப்பதைப் போன்றது அல்ல. சாம்பல் முழங்காலளவு பள்ளங்களை மூடி வைத்திருக்கும். அடியில் வேர் எரிந்து போன ஓட்டைகள். பெரியவர் முன்னால் போனார். கோட்டை ஒட்டி உள்பக்கமாக, ஒவ்வொரு அடிக்கட்டையின் அருகிலும் குனிந்து, புறங்கையைத் தரைக்கு மேலே ஒரு விரல்கடை உயரத்தில் பிடிப்பார். சூடு தட்டவில்லை என்றால் மெல்லத் தொடுவார். உள்ளங்கை காய்த்துப் போயிருப்பதால் அதற்குச் சூடு தெரியாது என்றார். நான் செய்து பார்த்தேன். என் உள்ளங்கைக்கே நன்றாகத் தெரிந்தது. அதைச் சொல்லவில்லை.

கோட்டிலிருந்து நான்கடி தள்ளி, காட்டுமாட்டுச் சாணம் ஒன்று தட்டையாகக் கிடந்தது. மேலே சாம்பல் நிறம், புகை துளியும் இல்லை. நான் தாண்டிப் போய்விட்டேன். அவர் கத்தி முனையால் அதைப் புரட்டினார். அடிப்பக்கம் கனிந்த கொய்யாவின் உட்புறம் போலச் சிவந்திருந்தது. தீ அணைந்து எத்தனை நாள் ஆயிற்று என்று மனக்கணக்குப் போட்டேன்: வியாழன் இரவிலிருந்து முப்பது மணி நேரத்துக்கு மேல். காற்று அதை உடைத்து ஒரு துணுக்கைக் கோட்டுக்கு அப்பால் தள்ள எவ்வளவு நேரம் ஆகும்? கேனிலிருந்து தண்ணீரைச் சிக்கனமாக ஊற்றி, மண்ணோடு பிசைந்து, மறுபடி புறங்கை வைத்துப் பார்த்துவிட்டு நகர்ந்தார். அன்று அந்தக் கோட்டில் அப்படி பதினொன்றைக் கண்டெடுத்தோம். செயற்கைக்கோள் ஒன்றையும் காட்டவில்லை. அதைக் குறை சொல்லவும் முடியாது. 800 கிலோமீட்டருக்கு மேலிருந்து ஒரு சாணத்தைப் பார்க்கச் சொல்வது நியாயம் இல்லை.

திரும்பி வந்த திங்கட்கிழமையிலிருந்து என் வரைபடத்தில் இரண்டு வகைக் கோடு. ஆள் நடந்து பார்த்த இடம் அழுத்தமான கறுப்புக்கோடு. மற்றது புள்ளிக்கோடு, எவ்வளவு குட்டையாக இருந்தாலும். புள்ளிக்கோடு ஒரு மீட்டர் இருந்தாலும் "முழுமையாக" என்ற சொல்லை எழுதுவதில்லை. இதற்காக மாலை நேரங்களில் கொஞ்சம் கெட்ட பெயர் வாங்கியிருக்கிறேன். "அந்த ஓட்டையைத்தான் அடைத்துவிடுங்களேன்" என்று ஒருமுறை அதிகாரி ஒருவர் சொன்னார். வரைபடத்தில் என்றுதான் அவர் சொன்னார். காட்டில் என்று புரிந்துகொண்டதாகப் பாவனை செய்து, இரண்டு பேரை அனுப்பச் சொல்லி எழுதிவிட்டேன்.

அந்தத் தீக்காலம் முடிந்து, முதல் மழை பெய்த வாரத்தில் பெரியவர் சம்பளப் பட்டியலில் கையெழுத்திட அலுவலகத்துக்கு வந்தார். என் மேசையருகே நின்றார். திருத்தி வைத்திருந்த பழைய வரைபடத்தைத் திறந்து காட்டினேன். கறுப்புக்கோட்டில் அவர் நடந்த இடங்களை விரலால் தொடர்ந்துகொண்டே போனவர், பாறை முகத்தில் வந்து நின்றார்.

"இது ஏன் இப்படி விட்டு விட்டு இருக்கிறது?"

"நீங்கள் போகாத இடம் அய்யா."

"அன்றைக்குப் போகவில்லை. இடத்துக்குப் போயிருக்கிறேன். சின்ன வயதில், தேனெடுக்க." பாறையின் நடுவே ஓரிடத்தைத் தொட்டார். "இந்த மட்டத்தில் ஒரு தடம் போகும். ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கலாம். இங்கே ஏறி, இப்படி வந்து, அத்திமரத்தடியில் இறங்கவேண்டும்."

எந்த வரைபடத்திலும் அது இல்லை. அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லிவிட்டு, அவர் விரல் போன வழியிலேயே மவுஸை நகர்த்தினேன்.