ஆங்கில வகுப்புக்கு அட்டைகள் வாங்கப் போன அனுபவம்

ஆறாம் வகுப்பில் எனக்கு 24 பிள்ளைகள். பாடத்தைப் பிழையில்லாமல் எழுதிக் காட்டுபவர்கள்கூட ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லத் தயங்கினார்கள். எனவே, பேசினால் மட்டுமே முடிக்கக்கூடிய செயல்பாடுகளை வாரம் இரண்டு பாடவேளைகளில் நடத்துவது என்று கடந்த ஜூலையில் முடிவெடுத்தேன். அதற்கான பட அட்டைகளும் சொல் அட்டைகளும் அலுவலகம் ஒன்றில் இரவலாகக் கிடைக்கும் என்று சக ஆசிரியை சொன்னார்.

அரை நாள் தற்செயல் விடுப்பு எடுத்து, இரண்டு பேருந்து மாறிப் போனேன். பொருள் அறையின் சாவியை வைத்திருப்பவர் பயிற்சிக்குப் போயிருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மறுவாரம் போனபோது சாவி இருந்தது. ஆனால், தலைமையாசிரியர் கையொப்பமும் முத்திரையும் இருந்த என் கடிதத்தில் பள்ளியின் 11 இலக்க யுடைஸ் எண், அதாவது ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு தரும் அடையாள எண், இல்லை என்பதால் எழுத்தர் அதை வாங்க மறுத்தார். அந்த எண் எனக்கு மனப்பாடம். அங்கேயே எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். கையால் சேர்த்தால் செல்லாது என்று அவர் சொன்னதை இப்போது நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. மூன்றாம் முறைதான் பெட்டி கைக்கு வந்தது. போகிறவர்கள் முதலில் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். எண்ணைக் கடிதத்திலேயே தட்டச்சு செய்துவிடுங்கள்.

அதைவிட முக்கியமானது, பதிவேட்டில் கையெழுத்துப் போடும் முன் அட்டைகளை மேசையில் பரப்பி ஜோடி சேர்த்துப் பார்ப்பது. நான் எண்ணிக்கையை மட்டும் பார்த்தேன். விலங்குகள், பறவைகள் என்று எழுதியிருந்த கட்டில் சரியாக 24 அட்டைகள் இருந்தன. படம் வைத்திருப்பவரும் சொல் வைத்திருப்பவரும் ஒருவரையொருவர் கேள்வி கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும். ஆந்தைக்கான சொல் ஒரு சிறுமியிடம் இருந்தது. படமோ கட்டிலேயே இல்லை, அதன் இடத்தில் வேறு கட்டிலிருந்து வந்த தேங்காய்ச் சொல் அட்டை. அவள் 23 பேரிடமும் போய், ஒவ்வொருவரிடமும் முழு வாக்கியமாகக் கேட்டுவிட்டு, தான்தான் ஏதோ தவறாகச் சொல்கிறோம் என்ற முகத்தோடு என்னிடம் வந்து நின்றாள்.

அட்டைகளைத் திரும்ப வாங்கியபோது இன்னொன்று கண்ணில் பட்டது. பன்றிக்கான ஆங்கிலச் சொல்லின் மேலும், பெட்டியின் வேறொரு கட்டில் இருந்த, ‘பெரிய’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லின் மேலும் பென்சிலால் ‘பிக்’ என்றே எழுதியிருந்தார்கள். நம் எழுத்தில் ஒரே பகரம் இரண்டு ஒலிகளையும் சுமப்பதால் பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. ‘பம்பரம்’ என்று மெதுவாகச் சொல்லச் சொன்னேன். சொல்லின் தொடக்கத்தில் வரும் பகரமும், மகரத்தை அடுத்துத் தொண்டை அதிர வரும் பகரமும் வேறு என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். அடுத்து, விரலகலத் தாள்கீற்று ஒன்றை உதட்டுக்கு முன் பிடிக்கச் செய்தேன். பன்றிக்கான சொல்லின் முதல் ஒலியை ஆங்கிலேயர் மூச்சை விசையோடு வெளியேற்றிச் சொல்வதால் தாள் துள்ளும். மற்றதற்கு அவ்வளவாக அசையாது. அந்தப் பாடவேளை முழுவதும் தாள்கள் துள்ளிக்கொண்டே இருந்தன. செலவு ஏதுமில்லாத இந்தப் பயிற்சிக்குக் கிடைத்த பலன், மூன்று முறை அலைந்து வாங்கிய பெட்டிக்குக் கிடைக்கவில்லை.

அதன்பின் நானே தயாரிக்கத் தொடங்கினேன். எங்கள் ஊர்ப் பேருந்து நேரப் பட்டியலை இரண்டு தாள்களாக எழுதி, ஒன்றில் இருக்கும் நேரம் மற்றதில் காலியாக இருக்கும்படி செய்து, ஜோடியில் ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்தேன். முதல் நாள் தாள்களைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து எழுதிவிட்டார்கள். இரண்டாம் நாள் முதுகோடு முதுகாக உட்கார வைத்தேன். தமிழில் கேட்டு முடித்துவிட்டார்கள். கேட்க வேண்டிய கேள்வியின் வடிவத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு, ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று காட்டிய பிறகுதான் ஆங்கிலம் காதில் விழுந்தது. இந்த இரண்டு ஏற்பாடுகளையும் செய்யாமல் இச்செயல்பாட்டைத் தொடங்காதீர்கள்.

வாசிப்புக்கு, பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற சிறுவர் கதை இணையதளத்திலிருந்து முதல் நிலைக் கதைகளை எடுத்தேன். படைத்தவர்களின் பெயரைக் குறிப்பிட்டு அச்சிட்டுக்கொள்ள உரிமம் இருக்கிறது. வண்ணப் படங்களின் மேல் எழுத்து வரும் பக்கங்கள் கறுப்பு வெள்ளையில் படிக்க முடியாதபடி இருண்டுவிட்டன; ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம் எடுத்துப் பார்த்துவிட்டு மீதியைக் கொடுங்கள். காணொளிகளையும் முந்தைய இரவே வீட்டில் பதிவிறக்கிவிடுங்கள், வகுப்பறையில் இணையத்தை நம்பி நான் ஒரு பாடவேளையை இழந்தேன்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் நாள் வந்தபோது அந்தச் சிறுமி ஒரு தடித்த அட்டையில் ஆந்தை வரைந்து எடுத்து வந்தாள். பின்புறம் தன் பெயரை ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். அந்த அட்டையைச் சொல் அட்டையோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டு, காணாமல் போயிருந்ததையும் புதிதாகச் சேர்த்ததையும் பதிவேட்டில் எழுதச் செய்து, அதன் கீழ் கையெழுத்திட்டுவிட்டு வந்தேன்.