பழைய லேத் வாங்குகிறவர்கள் கவனிக்க

கோலாலம்பூர் சான் சோவ் லின் பக்கம் பழைய லேத் தேடி அலையும் தம்பிகளே, பெயின்டைப் பார்த்து விலை பேசாதீர்கள். ஸ்பிண்டிலின் மூக்கை, அதாவது சுழலும் தண்டின் முன்முனையைப் பாருங்கள். பின்னால் வாங்கும் ஒவ்வொரு சக்கும் (வேலைப் பொருளைப் பிடிக்கும் பிடிப்பான்) அதற்குத்தான் பொருந்த வேண்டும்.

மைஃபோர்டு சூப்பர் 7 மாதிரிச் சின்ன மெஷினில் மரை போட்ட மூக்கு: 1⅛ அங்குலம், அங்குலத்துக்கு 12 மரை. நல்ல மெஷின்தான். ஆனால் ரிவர்ஸில் ஓட்டி வெட்டினால் சக் கழன்று வரலாம். கை போய்விடும், விளையாட்டில்லை.

எனக்குப் பிடித்தது கேம்லாக், அதாவது மையம் விலகிய கேம் உருளைகளால் சக்கைப் பூட்டும் மூக்கு. அதில் டி1-4 அளவு என்றால் சக்கின் பின்னால் மூன்று முளை. உள்ளே விட்டு, சாவியால் கேமைத் திருப்பினால் சக் மூக்கின் டேப்பரில் (கூம்பான பகுதியில்) ஏறி, முகமும் ஒட்டி உட்காரும். ரிவர்ஸிலும் கழலாது. இறுகும்போது கேமின் கோடு இரண்டு வி குறிகளுக்கு நடுவில், அதாவது கடிகாரத்தில் 3க்கும் 6க்கும் இடையில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பூட்டுத் திருகைக் கழற்றி, முளையை ஒரு முழுச் சுற்று திருப்பி வையுங்கள். பழைய மெஷினில் இதை யாரும் பார்ப்பதே இல்லை!

எல்00 என்ற இன்னொரு மூக்கு வகையில் நீள டேப்பர், பெரிய வளைய நட். அதுவும் உறுதியானதுதான்.

அப்புறம், எந்த வகையானாலும் மாட்டும் முன் இரண்டு பக்கமும் நன்றாகத் துடையுங்கள். துளி இரும்புத் தூள் சிக்கினாலும் சக் ஆடும்.