ஞாயிற்றுக்கிழமைக் குப்பை

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்குத் தூய்மைப் பணியாளர்களுக்கு மஸ்டர், அதாவது வருகைக் கணக்கு, எடுக்கும் இடத்தில் நின்றால் ஒரு சுற்றுலா ஊரின் நிலைமை முழுக்கத் தெரிந்துவிடும். எத்தனை பேர் வேலைக்கு வந்திருக்கிறார்கள், எத்தனை வண்டி கிளம்புகிறது, முந்தின நாள் குப்பை எந்தெந்த முக்கில் கிடக்கிறது, இந்த மூன்றைப் பார்த்தாலே போதும். பழனி, ஏற்காடு, வால்பாறை, ஆழியாறு, கொடிவேரி, பவானி கூடுதுறை என்று கொங்கு நாட்டில் வெளியூர்க்காரர்கள் கூடும் இடம் எதுவானாலும் கூட்டம் ஞாயிற்றுக்கிழமைதான். தூய்மைப் பணியாளர் கேட்கும் வார விடுப்பும் அதே ஞாயிறுதான். தகராறு பெரும்பாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தினமும் 60 பேர் வேலை செய்தால்தான் ஊர் சுத்தமாக இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு வாரம் ஆறு நாள் வேலை என்றால், ஏழு நாளும் 60 பேர் நிற்பதற்கு 70 பேரை எடுக்க வேண்டும். ஆள் வைத்து வேலை பார்க்கும் ஒப்பந்ததாரரோடு நகராட்சி போடும் ஒப்பந்தத்தில் 60 என்றுதான் எழுதுகிறார்கள். அந்த 60 பேரும் முறை வைத்து விடுப்பு எடுத்தால் எந்த நாளிலும் 51, 52 பேர்தான் தேறுவார்கள். வராத எட்டு ஒன்பது பேரின் தெருக்களைப் பக்கத்துத் தெருக்காரர் தலையில் கட்டுவார்கள். இல்லாவிட்டால் விடுப்பே இல்லை என்பார்கள். மீறி எடுத்தால் அன்றைய கூலி போகும். காய்ச்சல், கருமாதி, பிள்ளைக்குப் பள்ளிக்கூட வேலை என்று யாரும் அசையாத ஊரில்தான் இந்த ஏற்பாடு நடக்கும்.

அந்த 60 எங்கிருந்து வந்தது என்று தேடிப்போனால் மக்கள்தொகையில் போய் நிற்கும். இன்றும் கையில் இருப்பது 2011 கணக்கெடுப்புதான். எழுபதாயிரம் பேர் உள்ள ஊர், ஆளுக்கு 350 கிராம், ஆக ஒரு நாளைக்கு 24.5 டன் குப்பை, அதற்கு இத்தனை வண்டி, இத்தனை ஆள். காகிதத்தில் இது சரிதான். ஆனால் தைப்பூசத்துக்கோ பங்குனி உத்திரத்துக்கோ ஒரே நாளில் ஒரு லட்சம் பேர் வந்து, ஆளுக்கு 200 கிராம் விட்டுப் போனாலும் அது 20 டன். ஊர்க்காரன் போடுவதற்கு ஏறக்குறையச் சமமாக இன்னொரு ஊரே வந்து போட்டுவிட்டுப் போகிறது. மே மாதத்து ஏற்காட்டிலும் இதே கதைதான். அந்த இன்னொரு ஊருக்கு ஆள் கணக்கும் கிடையாது, வண்டிக் கணக்கும் கிடையாது. இந்த வேலையில் இருக்கிறவர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுகிறவர்கள் இந்த ஒரு கணக்கை மட்டுமாவது பார்க்க வேண்டும்.

ஒப்பந்ததாரருக்குப் பணம் எதை வைத்துக் கொடுக்கப்படுகிறது என்பதும் ஊரின் முகத்தில் தெரியும். டன் கணக்கில் கொடுத்தால் எடை உள்ளதை மட்டும் அள்ளுவார்கள். சாக்கடை மண், கட்டட இடிபாடு, மழையில் ஊறிய குப்பை எல்லாம் எடை மேடைக்குப் போகும். காற்றில் பறக்கும் சிப்ஸ் உறையும் தண்ணீர் பாட்டிலும் எடை தராது என்பதால் அங்கேயே கிடக்கும். இதைச் சரிசெய்ய வீட்டுக் கணக்கில் கொடுத்தால் வேறு வினை வரும். வீடு இல்லாத இடத்துக்குக் காசு இல்லை. காட்சிமுனை, படித்துறை, படகுத்துறை, பேருந்து நிலையத்துப் பின்பக்கம் எதிலும் கதவு எண் கிடையாது. சுற்றுலாக்காரர் நிற்பதோ அங்கேதான். வீடு என்று வரி கட்டிக்கொண்டு எட்டு அறை வாடகைக்கு விடும் காட்டேஜ்களும் இதே ஓட்டையில்தான் பிழைக்கின்றன. ஒரு குடும்பத்துக்கான கட்டணம் கட்டுவார்கள், முப்பது பேரின் எச்சில் இலையை இரவோடு இரவாக முக்கில் வைப்பார்கள். ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை வரும் இடம் மொத்தக் குப்பை உருவாக்குவோர் என்ற கணக்கில் வரும், மக்கும் குப்பையை முடிந்தவரை தன் வளாகத்துக்குள்ளேயே பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 2016ஆம் வருடத்துத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லிவிட்டன. எடை போட்டுப் பார்க்க ஆள் வராததால் எல்லோருமே நூறுக்குக் கீழேதான்.

கூலித் தகராறு வெளியே தெரிவது ஆட்சியர் நிர்ணயித்த தினக்கூலி கேட்டு உட்காரும்போதுதான். உள்ளே புகைவது பிடித்தத்தில். உதாரணத்துக்கு நாளுக்கு 500 ரூபாய், 26 நாள், மொத்தம் 13,000 ரூபாய் என்று கொள்வோம். தொழிலாளி பங்காகப் பி.எஃப். என்னும் வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், இ.எஸ்.ஐ. என்னும் மருத்துவக் காப்பீட்டுக்கு 0.75 சதவீதம், ஆக 1,657 ரூபாய் 50 காசு பிடிக்கலாம். முதலாளி தன் கையிலிருந்து போட வேண்டியது நிர்வாகச் செலவெல்லாம் சேர்த்து பி.எஃப்.புக்கு 13 சதவீதம், இ.எஸ்.ஐ.க்கு 3.25 சதவீதம். அதையும் தொழிலாளி தலையிலேயே எழுதினால் பிடித்தம் 29 சதவீதம், 3,770 ரூபாய். கைக்கு வருவதில் 2,112 ரூபாய் 50 காசு குறையும். சம்பளச் சீட்டு கொடுத்தால் இது அன்றைக்கே தெரிந்துவிடும், அதனால் சீட்டு வராது. ஒப்பந்ததாரர் மாறும்போது பழையவர் கடைசி இரண்டு மாதச் சம்பளத்தை நிறுத்திவிட்டுப் போவதும், பிடித்த பி.எஃப். கணக்கில் ஏறாமல் இருப்பதும் அதற்குப் பிறகுதான் வெளிச்சத்துக்கு வரும். புதியவர் "அது எனக்குச் சம்பந்தமில்லீங்க" என்பார். சம்பந்தம் ஒப்பந்தம் விட்ட அலுவலகத்துக்கு இருக்கிறது. பழையவரின் வைப்புத்தொகையைத் திருப்பிக் கொடுக்கும் முன், ஒவ்வொருவர் யூ.ஏ.என். (பி.எஃப். எண்) கணக்கிலும் கடைசி மாதம் வரை பணம் ஏறியிருக்கிறதா என்று பார்த்தாலே பாதிப் போராட்டம் நின்றுவிடும்.

வேலை நிறுத்தம் வந்துவிட்டால் மூன்று நாளில் என்ன ஆகும் என்பது அனுபவப்பட்டவர்களுக்குத் தெரியும். முதல் நாள் ஓட்டல் வாசலும் மார்க்கெட்டும் நிறையும். இரண்டாம் நாள் நாய் பையைக் கிழிக்கும், ஈ இட்ட முட்டை புழுவாகும். மூன்றாம் நாள் அடியில் கறுப்புத் தண்ணீர் கசியும், யாராவது தீ வைப்பார்கள். ஒரு நாளைக்கு 24 டன் என்றால் மூன்று நாளுக்கு 72 டன் தேங்கும். சமாதானம் ஆனதும் மறுநாளே ஊர் பளிச்சென்று ஆகிவிடும் என்று எதிர்பார்க்கிறார்கள். அன்றாடக் குப்பையும் வந்துகொண்டே இருக்கும். கூடுதல் நடை போட்டு தினம் 12 டன் அதிகம் எடுத்தால்கூடத் தேங்கியதைத் தீர்க்க ஆறு நாள் ஆகும். நம்மூர் வெயிலில் ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாக ஏழிலிருந்து பத்து நாள் போதும். ஆகவே தகராறு முடிந்து ஒரு வாரம் கழித்துத்தான் ஊரே ஈயாக மொய்க்கும். எனவே முதலில் எடுக்க வேண்டியது மீன், கோழிக் கழிவும் ஓட்டல் குப்பையும் கிடக்கும் இடங்களை. பெரிய மனிதர்கள் போகும் ரோட்டை முதலில் கூட்டச் சொல்வது தவறு. குப்பை மேல் தூவும் பிளீச்சிங் பவுடர் மேலாக நாற்றத்தை அடக்கும், உள்ளே நெளியும் புழுவை ஒன்றும் செய்யாது.

கொங்குப் பக்கத்துக்கே உரிய ஒரு பாரம் இளநீர் மட்டை. பொள்ளாச்சி இளநீர் இல்லாத சுற்றுலா இடம் கிடையாது. குடித்து முடித்த மட்டை ஒன்று, ஒன்றேகால் கிலோ இருக்கும். ஞாயிற்றுக்கிழமை 400 காய் ஓடும் கடையில் அரை டன் மட்டை மிஞ்சும். குப்பை அள்ளும் பேட்டரி வண்டி ஒரு நடைக்குத் தாங்குவதே முந்நூறு, நானூறு கிலோ.

"ஏனுங்கண்ணா, மட்டையெல்லாம் இதுல போட்டா உங்க ஒரு கடையோடவே வண்டி நெறஞ்சிருமுங்க."

"வேற எங்கீங்கக்கா போடறது? மலையில தூக்கி வீசச் சொல்றீங்களா?"

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். வண்டியில் நான்கு 12 வோல்ட் பேட்டரி இருக்கும். அளவுக்கு மேல் ஏற்றி மேட்டில் இழுத்தால் சார்ஜ் அடிமட்டம் வரை இறங்கும், டிஸ்டில்டு வாட்டர் ஊற்றவும் ஆள் இல்லை என்றால் ஒரே வருடத்தில் பாதித் தூரம்தான் ஓடும். அப்புறம் பெண்கள் அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைத்தான் பார்க்க முடியும். முழு மட்டையை உரத்தொட்டியில் போட்டாலும் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். மழைத் தண்ணீர் தேங்கி டெங்கு கொசு வளரும். இதற்குக் கடைக்காரர் கையில் இருக்கும் அரிவாளே போதும். மட்டையை நீளவாக்கில் நான்காகப் பிளந்து வெயிலில் போட்டால் தண்ணீர் தேங்காது, காய்ந்து எடை பாதிக்கும் கீழே இறங்கும், நார் ஆலைக்கோ அடுப்புக்கோ போகும். இதற்குத் தனி டிராக்டர் வாரம் இரண்டு நடை போதும். கடை உரிமம் கொடுக்கும்போதே நிபந்தனையாக எழுத வேண்டியது இது.

பாட்டில் விஷயத்தில் ஒரு நல்ல வழி ஏற்கெனவே கிடைத்திருக்கிறது. 2022இல் நீலகிரியில் டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பினால் பணத்தையும் திருப்பிக் கொடுத்தார்கள். ஆற்றங்கரையில் உடைந்த கண்ணாடி குறைந்தால் முதலில் பிழைப்பது குப்பை அள்ளுகிறவரின் உள்ளங்கை. கொடுக்கிற கையுறை ஒரு வாரத்தில் கிழிந்துவிடும். வருடத்துக்கு இரண்டு ஜோடி என்று எழுதியிருக்கும் ஒப்பந்தத்தை நினைத்தால் வயிறு எரிகிறது.

எல்லைத் தகராறும் ஒன்று உண்டு. பழனிக்குப் போகும் பாதயாத்திரைக்காரர்களுக்குத் தாராபுரம், உடுமலை, ஒட்டன்சத்திரம் ரோட்டோரம் அன்னதானம் நடக்கும். நல்ல மனதோடு செய்வதுதான். பிளாஸ்டிக் பூசிய தட்டும் டம்ளரும் விழுவது நகராட்சி எல்லைக்கு வெளியே, ஊராட்சி மண்ணில். அங்கே இருப்பது இரண்டோ மூன்றோ தூய்மைக் காவலர்கள். நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலைநாள் முன்பே உள்ளாட்சிக்குச் சொல்ல வேண்டும் என்ற விதியை அன்னதானக் குழுக்களுக்கு யாரும் எடுத்துச் சொல்வதில்லை. சொன்னால் கேட்பார்கள், வாழை இலைக்கு நம் பக்கம் பஞ்சமா என்ன? அள்ளியதைக் கொட்டும் இடத்திலும் இதே வழக்குதான். திருப்பூர் மாநகரக் குப்பையைக் கைவிட்ட பாறைக்குழியில் கொட்டுவதை எதிர்த்து முதலிபாளையத்து மக்கள் 2025இல் போராடினார்கள். கிணற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் வேறென்ன செய்வார்கள்?

ஊர்ப் பராமரிப்பு தேய்வதை அளக்க, சாக்கடை ஓரத்தைப் பார்த்தால் போதும். தூர்வாரிய சேற்றை ஓரத்தில் ஒரு நாள் வடியவிட்டு மறுநாள் அள்ளிவிட வேண்டும். மறுநாள் அந்த ஆட்களை விழா ஏற்பாட்டுக்கு இழுத்துக்கொண்டால் சேறு அங்கேயே காயும், அடுத்த மழையில் திரும்பச் சாக்கடைக்குள்ளேயே போகும். வேலை செய்த கூலியும் போச்சு, வேலையும் போச்சு. இதையே ஒரு வருடம் செய்தால் கோவில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும்.

ஆகவே ஒப்பந்தத்தில் ஆள் எண்ணிக்கையை ஒன்றாக எழுதாமல் மூன்றாக எழுத வேண்டும்: சாதாரண நாள், சனி ஞாயிறு, திருவிழா. விடுப்பு மாற்று ஆளும் அதற்குள்ளேயே வர வேண்டும். ஞாயிறு மாலை நான்கு முதல் ஒன்பது வரை ஒரு தனி ஷிப்ட் வைத்தால் நாயும் குரங்கும் இழுக்கும் முன் குப்பை போய்விடும், திங்கள் காலை வண்டி காலியாகக் கிளம்பும். அந்த ஷிப்ட் பார்த்தவர்களுக்கு மலை ஊர்களில் செவ்வாய் சம்பளத்தோடு விடுப்புக் கொடுக்கலாம். பழனியில் மட்டும் செவ்வாய் வேண்டாம். அது முருகனுக்கு உகந்த நாள், கிருத்திகையும் சேர்ந்துகொண்டால் அடிவாரம் தாங்காது. அங்கே புதன் சரிப்படும்.