கிரீட்டில் ஒரு வசந்தம்: தங்குமிடம் தேடிய நாட்குறிப்பு

11 ஜனவரி 2026, ஞாயிறு

ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்குச் செல்வது என்று இன்று வீட்டில் முடிவாயிற்று. நானும் என் கணவரும் அத்தையும் செல்கிறோம். அத்தைக்கு எழுபது வயது கடந்துவிட்டது. முழங்கால் வலி உண்டு. முட்டைகூடத் தொடாத சைவம். விமானச் சீட்டைக் கணவர் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டதால், தங்குமிடம் பார்க்கும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. அதை நான் விரும்பியே ஏற்றுக்கொண்டேன்.

விசா கிடைத்த பிறகு விடுதி பார்க்கலாம் என்று இருக்க முடியாது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் விண்ணப்பத்தோடு, தங்கப்போகும் எல்லா இரவுகளுக்கும் இருப்பிடச் சான்று தர வேண்டும்; குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடும் வேண்டும். பயணத்துக்குப் பதினைந்து நாளுக்கு முன்பாவது விண்ணப்பித்துவிட வேண்டும் என்பது விதி. கோவையிலிருந்து செல்லும் நாங்கள் அந்த விளிம்பு வரை காத்திருக்கப் போவதில்லை. ஆகவே இப்போதைக்குக் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடிய அறைகளை மட்டுமே பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

வரைபடத்தை விரித்ததும் முதல் கேள்வி எழுந்தது: ஓரிடத்தில் தங்குவதா, இரண்டிடத்திலா? கிரீட் கிழக்கு மேற்காக ஏறக்குறைய 260 கிலோமீட்டர் நீளம். வடக்குத் தெற்காகச் சில இடங்களில் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் அகலம். பெரிய ஊர்கள் பெரும்பாலும் வடகரையில் வரிசையாக இருக்கின்றன. தலைநகரான ஹெராக்லியோனுக்கும் மேற்கே உள்ள ஹானியாவுக்கும் இடையே 140 கிலோமீட்டர். பேருந்தில் மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரே ஊரில் தங்கி மற்றதைப் பகலில் போய்ப் பார்த்துத் திரும்புவது அத்தையின் கால்களுக்கு ஆகாது. இரண்டு ஊர்களிலும் தங்குவோம்.

18 ஜனவரி, ஞாயிறு

இந்த வாரம் முழுவதும் பார்த்ததில் ஒன்று தெளிவாயிற்று. கிரீட்டின் விடுதிகளைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி கோடைக்கானது. நீலக் குளமும் அதன் கரையில் சாய்வு நாற்காலிகளும் தெரியும் படங்கள் ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் எடுக்கப்பட்டவை. நாங்கள் போகும் ஏப்ரலில் பகல் வெப்பம் 20 பாகை செல்சியஸை ஒட்டி இருக்கும். இரவில் 12 பாகைக்கு இறங்கும். கடல் நீர் 17 பாகை. அந்த நீரில் வட ஐரோப்பியர் மகிழ்ச்சியோடு இறங்குவார்கள். எங்கள் வீட்டில் யாரும் இறங்க மாட்டார்கள். தீவின் நடுவே 2,456 மீட்டர் உயரமுள்ள சிலோரிட்டிஸ் சிகரத்திலும், மேற்கே வெள்ளை மலைகளிலும் அப்போதும் பனி படிந்திருக்கும். வெயிலில் நடந்துகொண்டே பனி மூடிய மலையைப் பார்க்கலாம் என்பதுதான் இந்தப் பருவத்தின் அழகு.

கடற்கரை ரிசார்ட்டுகள் பலவும் குளிர்காலம் முழுவதும் மூடிக்கிடந்து ஏப்ரலிலோ மே மாதத் தொடக்கத்திலோதான் திறக்கின்றன. திறந்துவிட்டாலும், சுற்றியுள்ள உணவகங்களும் கடைகளும் பாதிக்குமேல் அடைத்திருக்கும் தெருவில் தங்குவதில் என்ன இருக்கிறது? கிழக்கே கடற்கரை ஊரான எலூண்டாவின் விரிகுடாவையும், எதிரே 1957 வரை தொழுநோயாளர் குடியிருப்பாக இருந்த ஸ்பினலோங்கா தீவையும் பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் அந்தப் பக்கம் முழுவதும் கோடையை நம்பி எழுந்தது. அங்கே ஏப்ரலில் பணத்தைக் கொட்டுவது வீண் என்றே நினைக்கிறேன். தென்கரையின் சிற்றூர்களும் அப்படியே. சாலையே இல்லாமல் படகிலோ கால்நடையாகவோ மட்டுமே சேரக்கூடிய லூட்ரோவைப் பற்றிப் படித்து வெகுநேரம் மயங்கியிருந்தேன், பிறகு விட்டுவிட்டேன்.

ஆண்டு முழுவதும் உள்ளூர் மக்கள் வாழும் நகரத்தின் நடுவில், நடந்தே எல்லாவற்றுக்கும் போய்வரக்கூடிய இடமாகப் பார்க்க வேண்டும். நீச்சல் குளம், கடற்கரைக்கு எத்தனை நடை, தனிப் பால்கனி ஆகிய மூன்றையும் தேடலிலிருந்து எடுத்துவிட்டேன். எடுத்ததும் விலையும் இறங்கியது.

விருந்தினர் கருத்துகளையும் மாதம் பார்த்தே படிக்கிறேன். ஆகஸ்டில் தங்கியவர் ஏசி நன்றாகக் குளிர்ந்தது என்பார். அது நமக்கு எதற்கு? மார்ச், ஏப்ரலில் தங்கியவர்கள்தான் அறை கதகதப்பாக இருந்ததா, மழை பெய்தபோது சுவர் ஈரம் கோத்ததா, மேகம் மூடிய நாளில் வெந்நீர் வந்ததா என்று எழுதுகிறார்கள். கிரீட்டில் வீட்டுக் கூரைதோறும் சூரிய வெந்நீர்க் கலன்கள் இருப்பதால் கடைசிக் கேள்வி முக்கியம். மாற்றாக மின்சார ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டுவிட வேண்டும்.

24 ஜனவரி, சனி

இன்று முழுக்க ஹானியா. இந்த நகரின் மீது எனக்கு ஏற்கெனவே பிரியம் வந்துவிட்டது. வெனிஸ் நகரத்தார் கட்டிய துறைமுகம், கடலுக்குள் நீளும் அலைதடுப்புச் சுவர், அதன் முனையில் கலங்கரை விளக்கம், பின்னால் நெருக்கமான சந்துகள். 1645-இல் துருக்கியர் கைப்பற்றிய பிறகு கட்டப்பட்டவையும் அங்கேயே கலந்து நிற்கின்றன. ஸ்ப்ளாண்ட்சியா என்ற பகுதியில் உள்ள புனித நிக்கோலாஸ் தேவாலயத்துக்கு ஒரு பக்கம் மணிக்கூண்டும் மறுபக்கம் பள்ளிவாசல் மினாரும் இருக்கின்றன. வேறெங்கும் எளிதில் காண முடியாத காட்சி.

பழைய நகருக்குள் வெனிஸ் காலத்து வீடுகள் பல சிறு விடுதிகளாக மாற்றப்பட்டிருக்கின்றன. மேற்கே தோபனாஸ் பகுதியில் பதினேழாம் நூற்றாண்டு மாளிகை ஒன்றில் இயங்கும் காஸா டெல்ஃபினோ இவற்றுள் பெயர்பெற்றது. கூழாங்கல் பதித்த அதன் முற்றத்தைப் படத்தில் பார்த்தபோதே மனம் போயிற்று. விலை எங்களுக்கு எட்டாது. அதைவிட எளிய, அதே காலத்து வீடுகளைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன்.

இங்கேதான் படங்களை ஊன்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஓர் அறையின் முதல் படம் கல் வளைவும் வெள்ளை விரிப்பும் வெளிச்சமுமாக இருந்தது. நான்காம் படத்தின் ஓரத்தில் ஒரு மர ஏணியின் கீழ்ப்பகுதி தெரிந்தது. படுக்கை பரண்மேல் இருக்கிறது! உயரமான கூரை கொண்ட பழைய அறையை இரண்டாகப் பிரித்து, மேலே கட்டிலும் கீழே உட்காரும் இடமும் கழிவறையும் வைப்பது அங்கே வழக்கம். இரவில் எழுந்து கழிவறைக்குச் செல்ல ஏணியிறங்க வேண்டிய அறையில் அத்தையைப் படுக்கவைக்க முடியாது. இன்னொரு விடுதியில் அறை முதல் மாடியில் என்றிருந்தது. ஆனால் விருந்தினர் ஒருவர் எடுத்த படத்தில் அந்த முதல் மாடிக்குச் செல்லும் கற்படிகள் செங்குத்தாக, கைப்பிடியின்றி, நடுவில் தேய்ந்து வழுவழுப்பாகத் தெரிந்தன. பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் என்பதால் பெரும்பாலானவற்றில் லிஃப்ட் இல்லை. குளியலறையில் விளிம்பு உயர்ந்த தொட்டியா, தரையோடு தரையான ஷவரா என்பதையும் பார்த்துக் குறித்துக்கொண்டேன். முழங்கால் மடங்காதவர்களுக்குத் தொட்டியின் விளிம்பைத் தாண்டுவதுதான் மலையேற்றம்.

சந்துகளுக்குள் கார் வராது. டாக்சி வெளியே உள்ள சதுக்கத்தில் இறக்கிவிட்டால், பெட்டிகளைக் கல் பாவிய தெருவில் உருட்டிச் செல்ல வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய முன்வரிசை அறைகளுக்குக் காட்சி உண்டு, நள்ளிரவு வரை மதுக்கடைகளின் இரைச்சலும் உண்டு. ஆகவே துறைமுகத்திலிருந்து சற்று உள்ளே தள்ளிய ஸ்ப்ளாண்ட்சியாவின் பக்கம் என் தேடல் நகர்ந்திருக்கிறது.

1 பிப்ரவரி, ஞாயிறு

எங்கள் பயணத் தேதிகளுக்கு நடுவே கிரேக்கர்களின் ஈஸ்டர் வருகிறது. கிழக்குத் திருச்சபையின் கணக்கு வேறு என்பதால் மேற்கில் ஏப்ரல் 5-ஆம் தேதியும் கிரேக்கத்தில் 12-ஆம் தேதியும் ஈஸ்டர். அங்கே கிறிஸ்துமஸைவிட இதுவே பெரிய திருநாள். புனித வெள்ளி இரவு, பூக்களால் மூடிய எபிடாபியோஸ் என்னும் பாடையை நம் ஊர்ச் சப்பரம்போலத் தோளில் சுமந்து தெருத்தெருவாக வருவார்கள். சனிக்கிழமை நள்ளிரவில் இயேசுவின் உயிர்ப்பு அறிவிக்கப்படும். மெழுகுவர்த்திச் சுடரை ஒருவரிடமிருந்து ஒருவர் ஏற்றிக்கொள்வார்கள். மணி முழங்க வாணவேடிக்கை நடக்கும். கிரீட்டில் யூதாஸின் உருவத்தைக் கொளுத்துவதும் உண்டு. ஹானியாவின் தலைமைத் தேவாலயம் பழைய நகருக்குள், ஹாலிடோன் தெருவில் இருக்கிறது. அத்தை இதைக் கேட்டதும், “சாமி ஊர்வலம் பார்க்க ரொம்ப தூரம் நடக்கணுமாம்மா?” என்றார். நடக்க வேண்டியதில்லாத இடத்தில் அறை பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் இந்தத் திருநாள்தான் சாப்பாட்டுக் கேள்வியையும் கொண்டுவருகிறது. ஈஸ்டருக்கு முந்திய வாரம் கிரீட்டில் சைவருக்கு மிக நல்ல வாரம். தவக்காலத்தில் விரதம் இருப்பவர்கள் இறைச்சி, முட்டை, பால் பொருட்கள் ஒன்றும் உண்பதில்லை. அதனால் எந்த எளிய உணவகத்திலும் மசித்த பருப்பு, தக்காளியில் வெந்த பெரிய வெள்ளை அவரை, திராட்சை இலையில் சுருட்டிய சோறு, எலுமிச்சை பிழிந்த காட்டுக்கீரை எல்லாம் கிடைக்கும். கணவாய், இறால் போன்ற, இரத்தமற்றவையாகக் கருதப்படும் கடலுயிர்களை மட்டும் விரதத்தில் உண்ணலாம் என்பதால், விரத உணவு என்று கேட்டு நிறுத்திவிடாமல் அவையும் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும். சனி நள்ளிரவோடு நிலைமை தலைகீழாகிறது. ஆட்டுக் குடலும் ஈரலும் இட்ட மயிரிட்சா சூப்போடு விரதம் முடிகிறது. ஞாயிறு முழுவதும் தீவெங்கும் ஆட்டிறைச்சி வேகும். கடைகள் அடைத்திருக்கும், அருங்காட்சியகங்களும் தொல்லியல் இடங்களும் ஈஸ்டர் ஞாயிறன்று மூடியிருக்கும், திங்களும் விடுமுறை.

ஆகவே ஹானியாவில் காலை உணவு தரும் விடுதி அறையைவிட, ஓர் அடுப்பும் சிறு குளிர்சாதனப் பெட்டியும் உள்ள அறையே வேண்டும். சனிக்கிழமை பகலில் காய்கறியும் தயிரும் வாங்கி வைத்துவிட்டால் இரண்டு நாளுக்குக் கவலையில்லை. அரிசியும் பருப்புப் பொடியும் இங்கிருந்து கொண்டுபோகலாம். பால் பொருட்களை வெளிநாட்டிலிருந்து எடுத்துவர ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிப்பதில்லை என்பதால் நெய் மட்டும் கூடாது. அங்கே ஆலிவ் எண்ணெய் இருக்கும்போது நெய்க்கு என்ன அவசரம்.

5 பிப்ரவரி, வியாழன்

ஹெராக்லியோனுக்கு அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை. அது வேலை செய்யும் நகரம். விடுதிகளும் வணிகப் பயணிகளுக்காக ஆண்டு முழுவதும் திறந்திருப்பவை. லிஃப்ட், நல்ல ஹீட்டர், விரிவான காலை உணவு எல்லாம் சாதாரணமாகவே கிடைக்கின்றன. தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு அருகே, எலஃப்தெரியாஸ் சதுக்கத்தை ஒட்டிய மூன்று நட்சத்திர விடுதி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸ் 1900-இல் அகழத் தொடங்கிய, பழங்கால க்னோசஸ் அரண்மனை அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர். நகரப் பேருந்து போகிறது. காலையில் அரண்மனை, மதியத்துக்குமேல் அங்கே கிடைத்த ஓவியங்களும், ஃபைஸ்டோஸ் என்ற வேறோர் அரண்மனையில் கிடைத்த, குறிகள் பொறித்த களிமண் வட்டும் இருக்கும் அருங்காட்சியகம் என்று வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 7, 8 இரவுகள் இங்கே.

12 பிப்ரவரி, வியாழன்

ஹானியாவில் மிஞ்சிய இடங்களுக்கு நேரடியாக எழுதிக் கேட்டேன். தெருவிலிருந்து கட்டில் வரை எத்தனை படி? ஏப்ரல் 9-ஆம் தேதி ஹீட்டர் இயங்குமா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா? டாக்சி எதுவரை வரும்? அடுப்பில் உண்மையாகவே சமைக்கலாமா, அல்லது காபி போட மட்டுமா? பதில் எழுதும் விதத்திலேயே அந்த வீட்டின் குணம் தெரிந்துவிடுகிறது. ஓரிடத்திலிருந்து, எங்கள் எல்லா அறைகளும் வசதியானவை என்று ஒரு வரி வந்தது. மற்றோரிடத்து அம்மையார் படிகளை எண்ணி எழுதியதோடு, வாசலில் உள்ள ஒரு படி மட்டும் சற்று உயரம் என்று அதைப் படமெடுத்தும் அனுப்பியிருந்தார். கழிவறைக் காகிதத்தைக் குழாயில் போடாமல் பக்கத்தில் உள்ள கூடையில் இட வேண்டும், பழைய குழாய்கள் குறுகலானவை என்பதையும் அவரே முன்கூட்டிச் சொன்னார்; கிரேக்கம் முழுவதும் பரவலாக உள்ள நடைமுறை இது. மேலும், தம் தெரு வழியாகவே வெள்ளி இரவு ஊர்வலம் போகும் என்றும் எழுதியிருந்தார்.

கணக்கும் போட்டுப் பார்த்தேன். காலநிலைப் பேரிடர்களைச் சமாளிக்க என்று விடுதிகளில் தங்குவோர் அரசுக்குத் தர வேண்டிய கட்டணம் 2025 முதல் உயர்ந்திருக்கிறது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஓர் அறைக்கு ஓரிரவுக்கு மூன்று நட்சத்திர விடுதியில் 5 யூரோ, நான்கில் 10, ஐந்தில் 15. குறுகிய கால வாடகைக் குடியிருப்பு என்றால் 8. இது பெரும்பாலும் காட்டப்படும் விலையில் சேர்வதில்லை. போய்ச் சேர்ந்த பிறகு கையில் கட்ட வேண்டும். நான்கு நட்சத்திர விடுதியில் இரண்டு அறைகள் எடுத்து ஐந்து இரவுகள் தங்கினால் இதற்கே 100 யூரோ போய்விடும். இரண்டு படுக்கையறை உள்ள ஒரே குடியிருப்பாக எடுத்தால் 40 யூரோவில் முடிகிறது.

22 பிப்ரவரி, ஞாயிறு

இரண்டு முன்பதிவுகளும் உறுதியாயின. ஹானியாவில் ஏப்ரல் 9 முதல் 14 வரை, ஸ்ப்ளாண்ட்சியா சதுக்கத்துக்குச் சற்று உள்ளே, அந்த அம்மையாரின் தரைத்தளக் குடியிருப்பு. கடல் தெரியாது. ஜன்னல் ஒரு சிறு சந்தின் பக்கம் திறக்கிறது. துறைமுகத்துக்குச் சில நிமிட நடைதான் என்பதால், கடலைப் பார்க்க வேண்டுமானால் போய் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

மலைநடைக்குப் பெயர்பெற்ற சமாரியா பள்ளத்தாக்கு மே மாதம்தான் திறக்கும். அது எங்களுக்கு இல்லை. ஏப்ரலில் ஹானியாவின் தெற்கே ஆரஞ்சுத் தோட்டங்கள் பூத்திருக்கும், மலைச்சரிவுகளில் காட்டு ஆர்க்கிட் பூக்கள் இருக்கும். ஈஸ்டர் திங்களன்று அந்தப் பக்கம் அழைத்துச் செல்ல ஓட்டுநரோடு கார் கிடைக்குமா என்று வீட்டுக்கார அம்மையாரிடம் கேட்டிருக்கிறேன்.

நாளை கிரேக்கர்களுக்குத் தவக்காலம் தொடங்குகிறது. எங்களுக்கு விசா விண்ணப்பம். இரண்டு முன்பதிவுத் தாள்களையும் அச்செடுத்து, அவற்றில் அத்தையின் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுத்து மாறாமல் இருக்கிறதா என்று சரிபார்த்துக் கோப்பில் வைத்துவிட்டேன்.